766 பைட்

ரிச்சி தெருவில் எனக்கு மாடியில் கடை.
மாடி என்றால், படிக்கட்டு முடிகிற இடம்.
ஹார்டு டிஸ்க் செத்தால் என்னிடம் வருவார்கள்:
கல்யாண போட்டோ, வருமான வரி,
பாதியில் நின்ற ஆய்வேடு.

ஜூன் கடைசியில் புதுப்பேட்டையிலிருந்து
யாக்கூப் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான், எடைக்கு வாங்கியது.
ராயப்பேட்டையில் ஏதோ அச்சகம், இழுத்து மூடிவிட்டார்களாம்.
"அக்கா, தங்கம் தேறுமா பாருங்க."
தங்கம் என்பது போர்டின் ஓரத்துப் பல்வரிசையில்
ஒரு மூக்குத்திக்கும் காணாத பூச்சு.

உடைக்கும் முன் சும்மா மின்சாரம் கொடுத்தேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு டிஸ்க் எழுந்தது.
சாம்பல் திரை. மணற்குடுவை.
பிறகு சின்னச் சின்னதாய்ப் படங்கள்,
முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளி,
பதினாறே நிறம்.

பெயர்கள் இருந்தன, படிக்கத்தான் முடியவில்லை.
யாரோ செய்த தமிழ் எழுத்துரு தொலைந்துபோய்
எல்லாப் பெயரும் டாலர் குறியும் கேள்விக்குறியுமாய்
வாய் குழறிக் கிடந்தன.
ஆக, படம் பார்த்துக் கதை சொல்.

சாய்ந்த வாளி, வாயில் ஊதா: வண்ணம் தீட்ட.
மாலை இரண்டு, நடுவே எட்டுப் புள்ளியில் தாலி:
கல்யாணப் பத்திரிகை, திறக்காமலே தெரிந்தது.
அடுத்தது பிள்ளையாரா, டெலிபோனா?
டீ ஆறும்வரை யோசித்து
பிள்ளையார் என்று முடிவுகட்டித் திறந்தேன்.
டெலிபோன்.

அப்புறம் அந்தச் சொட்டு.
கறுப்பு விளிம்பு, உள்ளே நீலம்,
இடது தோளில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.
மெட்ரோ வாட்டர் பில் என்றேன் நான்.
மை என்றான் யாக்கூப், அச்சகம் இல்லையா.
பந்தயம் இரண்டு சமோசா.

வேறொரு போல்டரின் அடியில் எழுத்துரு அகப்பட்டது.
ஏற்றியதும் திரை முழுக்கத் தமிழ்,
கரண்ட் திரும்பிய தெரு மாதிரி.
சொட்டின் கீழே:
கண்ணீர் அஞ்சலி.

பெயர். சொந்த ஊர். தோற்றம். மறைவு.
துயருறும் குடும்பத்தார் (ஆறு பேருக்கு மேல் இடமில்லை).
படத்துக்கு ஒரு காலிச் சதுரம்.
லாயிட்ஸ் சாலைச் சுவரில் மாடு தின்றது போக
மிச்சமிருந்த முகங்கள் எல்லாம்
இந்தச் சதுரத்தில்தான் முதலில் உட்கார்ந்தனவோ?

பதிவு எண் ஒன்று.
ம. எபனேசர், பெரம்பூர்.
தோற்றம் 14-02-68. மறைவு 31-12-99.
துயருறும் குடும்பத்தார்: கககக, கககக.

உருவாக்கியவர் யார் என்று உதவிப் பக்கம் போனேன்.
ம. எபனேசர், 1995.
கீழே ஏழு இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்வதுதான்,
சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே போடுவது.
மறைவைக் காலியாக விட்டுச் சேமித்துப் பார்த்தேன்,
கீச்சென்று கத்தி மறுத்தது.
அவரிடமும் கத்தியிருக்கும்.
ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய மனிதர்
அதற்குள் அடங்கும் ஆகக் கடைசி நாளைத்
தனக்கு எழுதிக்கொண்டார்.

சொட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம், ஒவ்வொரு புள்ளியும் செங்கல் அளவு.
விளிம்புக்கு வெளியே, வலப்பக்கம்,
தனியாக ஒரு நீலம்.
"கை தவறியிருக்கும்" என்றேன்.
"தெறிச்சிருக்கும்" என்றான்.

அன்றிரவு சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் மேடையில்
கூவம் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியபடி
அந்த ஏழு எண்ணுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தேன்.
மணி போனது.
வைத்துவிட்டேன்.
எடுத்தால் என்ன கேட்பது,
இருக்கிறீர்களா என்றா?

பெட்டி யாக்கூப்போடு போய்விட்டது. தங்கம் தேறவில்லை.
சொட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன், 766 பைட்.
'மீட்க முடியாதவை' என்று ஒரு போல்டர் வைத்திருக்கிறேன்,
இப்போது அதற்கு இதுதான் படம்.
நேற்று ஒரு வாடிக்கையாளர், டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி,
என் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"மெட்ரோ வாட்டரா மேடம்?"
ஆமாம் என்றேன்.